7 நாள் கச்சேரி, முடிவில் உலகமே இருக்காது: இமயமலை அடிவாரத்தில் மேடை போட நினைத்த ஸ்க்ரியாபின் யார்?

2024 மார்ச் மாதம் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் ஒரு கச்சேரி நடந்தது. டேவிஸ் சிம்பொனி ஹால் என்ற அரங்கம். மேடையில் முழு ஆர்கெஸ்ட்ரா, பியானோ, பாடகர் குழு. இதெல்லாம் வழக்கமானதுதான். ஆனா இசை நகர நகர அரங்கத்தின் நிறமும் மாறிக்கிட்டே இருந்தது. கூடவே, உட்கார்ந்திருந்தவர்களின் மூக்குக்கு வாசனையும் வந்தது. இதுக்காகவே கார்ட்டியே நிறுவனத்தின் வாசனைத் திரவிய நிபுணர் மத்தில்ட் லோரான் தனியாக வாசனைகளைத் தயாரித்திருந்தார். ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் எஸா-பெக்கா சலோனன், பியானோ வாசித்தவர் ஜான்-ஈவ் திபோடே.

காது, கண், மூக்கு மூன்றுக்கும் ஒரே நேரத்தில் விருந்து. ஏதோ புதுசா கண்டுபிடிச்ச ஐடியா மாதிரி இருக்கு இல்லையா? ஆனால் அன்று வாசிக்கப்பட்ட 'ப்ரொமீதியஸ்: நெருப்பின் கவிதை' எழுதி முடிக்கப்பட்டது 1910இல். வீட்டுக்கு வீடு மின்சாரம் கூட வராத காலம். அப்பவே இசைக் குறிப்பில், புல்லாங்குழலுக்கு ஒரு வரி, வயலினுக்கு ஒரு வரி என்பதுபோல விளக்குக்கும் ஒரு வரி எழுதி வைத்துவிட்டார் ஒருவர். அதோடு நிற்கவில்லை. இமயமலை அடிவாரத்தில், இந்தியாவில், 7 நாள் நடக்கும் ஒரு பெரும் நிகழ்வுக்குத் திட்டம் போட்டார். அது முடியும்போது இப்போதிருக்கும் மனித குலமே இருக்காது என்று உண்மையாகவே நம்பினார்.

கடைசியில் அவர் உயிரைப் பறித்தது உதட்டு மேல் வந்த ஒரு சின்னக் கட்டி.

யார் இந்த அலெக்ஸாண்டர் ஸ்க்ரியாபின்? விரிவாகப் பார்க்கலாம்.

கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவர்

ரஷ்யாவின் மாஸ்கோவில் 1872 ஜனவரி 6ஆம் தேதி பிறந்தார் ஸ்க்ரியாபின். அப்போது ரஷ்யாவில் பழைய காலண்டர்தான் புழக்கத்தில் இருந்தது. அதன்படி பார்த்தால் 1871 டிசம்பர் 25, அதாவது கிறிஸ்துமஸ் நாள். இதை அவர் தற்செயல்னு எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தான் ஒரு பெரிய காரியத்துக்காகப் பிறந்தவன் என்ற எண்ணம் கடைசி வரை அவரை விடவில்லை.

அம்மா லியுபோவ், கச்சேரி செய்யும் பியானோ கலைஞர். மகனுக்கு ஒரு வயது ஆகும்போதே காசநோயில் இறந்துபோனார். அப்பா கீழை நாட்டு மொழிகள் படித்து, தூதரக வேலைக்குத் துருக்கி போய்விட்டார். ஆக, குழந்தையை வளர்த்தது அத்தை, பாட்டி, பாட்டியின் சகோதரி என மூன்று பெண்கள். அத்தைக்கும் அம்மா பெயர்தான், லியுபோவ். மூன்று பேருக்கும் இவன்தான் உலகம். ஓடி விளையாடுகிற பையனாக இல்லாமல், உட்கார்ந்த இடத்தில் மரத்தில் குட்டி குட்டி பியானோ செய்துகொண்டிருந்தான் என்று குறிப்புகள் சொல்கின்றன. வாசிக்கிறதுக்கு முன்னாடியே கருவியைச் செய்து பார்க்கிற ஆசை. பின்னாடி நடந்ததைப் பார்த்தால் இந்தத் தகவல் முக்கியமாகப் படுகிறது.

குடும்ப வழக்கப்படி ராணுவப் பள்ளியில் சேர்த்தார்கள். பக்கத்திலேயே பியானோ வகுப்பும் போனது. ஆசிரியர் நிகோலாய் ஸ்வெரெவ். பயங்கர கண்டிப்பான ஆள். அங்கே கூடப் படித்த இன்னொரு பையன் செர்கேய் ரக்மானினோவ். ஆமாம், உலகப் புகழ் பெற்ற அதே ரக்மானினோவ்தான்!

இருவரும் மாஸ்கோ இசைக் கல்லூரியிலும் ஒன்றாகப் படித்தார்கள். 1892இல் ரக்மானினோவ் பெரிய தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். ஸ்க்ரியாபினுக்குப் பியானோவில் சின்ன தங்கப் பதக்கம் மட்டும். இசையமைப்புப் பிரிவில் பட்டமே வாங்கவில்லை. ஆசிரியர் அரென்ஸ்கியோடு ஒத்துப்போகாததுதான் காரணம். பிற்காலத்தில் இசையமைப்பாளராகவே அறியப்பட்ட ஒருவர், அந்தப் பாடத்தில் பட்டமே வாங்காமல் போனவர்.

வலது கையை உடைத்துக்கொண்ட கதை

ஸ்க்ரியாபினுக்குக் கை சின்னது. பியானோவில் ஒன்பது கட்டைகளைத் தாண்டி விரல் எட்டுவதே கஷ்டம். கூடப் படித்த ரக்மானினோவுக்கோ ராட்சசக் கை. கல்லூரி வகுப்பில் யார் கஷ்டமானதை வாசிப்பது என்ற போட்டி இருந்தது. அதில் லிஸ்ட் எழுதிய ஒரு துண்டையும், பாலகிரெவின் 'இஸ்லாமெய்'யையும் விடாமல் பயிற்சி செய்து வலது கையைக் கெடுத்துக்கொண்டார். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

இருபது வயதைத் தொட்ட பியானோ கலைஞனுக்கு வலது கை போச்சுன்னா என்ன ஆகும்? அந்தக் கோபமும் துக்கமும்தான் முதல் சொனாட்டா ஆனது. அதன் கடைசிப் பகுதி ஒரு சாவு ஊர்வல இசை. அடுத்து, 1894இல் இடது கைக்கு மட்டுமே இரண்டு துண்டுகள் எழுதினார். கண்ணை மூடிக் கேட்டால் ஒரு கைதான் வாசிக்கிறது என்று நம்பவே முடியாது. கை பிறகு பெருமளவு தேறிவிட்டது. ஆனால் இடது கையைப் பரந்து ஓடவிட்டு எழுதும் பழக்கம் அவர் இசையில் நிலைத்துவிட்டது.

1897இல் வேரா என்ற பியானோ கலைஞரைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டே மாஸ்கோ இசைக் கல்லூரியில் பேராசிரியர் வேலை. நான்கு குழந்தைகள். வெளியில் இருந்து பார்த்தால் செட்டில் ஆன வாழ்க்கை.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு...

1903இல் வேலையை விட்டார். 1904இல் சுவிட்சர்லாந்து போனார். அதே நேரத்தில் தத்யானா என்ற இளம்பெண்ணோடு உறவு. மனைவியையும் குழந்தைகளையும் விட்டுப் பிரிந்தார். 1905இல் மூத்த மகள் ரிம்மா இறந்துபோனாள். வயது 7.

இந்தப் பகுதியைப் பெரும்பாலான கட்டுரைகள் ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. மனித குலத்தையே மீட்கப் போகிறேன் என்று கிளம்பியவரின் வீட்டில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதும் தெரியத்தானே வேண்டும்? வேரா கடைசி வரை விவாகரத்து தரவில்லை. அதே சமயம், பிரிந்த பிறகும் மேடையேறி அவர் வாசித்தது கணவரின் இசையைத்தான்.

விவாகரத்து இல்லாததால் தத்யானாவோடு வாழ்ந்த வாழ்க்கைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை. 1906இல் அமெரிக்கா போய்க் கச்சேரிகள் செய்தபோது இந்த விஷயம் வெளியே வந்து பிரச்னையாகிவிடும் என்ற நிலை வந்தது. 1907இல் இருவரும் அவசரமாக அங்கிருந்து கிளம்பினார்கள்.

இந்த அலைச்சல் காலத்தில்தான் அவர் கையில் ஒரு புத்தகம் சிக்கியது. பிளாவட்ஸ்கி அம்மையார் எழுதிய பிரம்மஞானம் பற்றிய நூலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. பிளாவட்ஸ்கி பெயரைச் சென்னைக்காரர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அடையாறு ஆற்றங்கரையில் பெரிய ஆலமரத்தோடு இருக்கிறதே பிரம்மஞான சபை, அதை 1875இல் நியூயார்க்கில் தொடங்கியவர்களில் ஒருவர். 1882இல் அதன் தலைமையகம் அடையாறுக்கு வந்தது. உலகம் யுகம் யுகமாக அழிந்து பிறக்கிறது, மனிதன் படிப்படியாக உயர்ந்த நிலைக்குப் போகிறான், பொருளும் ஆன்மாவும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்ற கருத்துகள் ஸ்க்ரியாபினைப் பிடித்துக்கொண்டன. அவர் மனதில் இந்தியா என்ற நாடு இடம்பிடித்தது இந்த வழியில்தான்.

இசைக்கு நிறம் உண்டா?

1907இல் பாரிஸில் மூன்று ரஷ்ய இசையமைப்பாளர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ரிம்ஸ்கி-கோர்சகோவ், ரக்மானினோவ், ஸ்க்ரியாபின். ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு நிறம் உண்டு என்றார் ஸ்க்ரியாபின். வயதில் மூத்தவரான ரிம்ஸ்கி-கோர்சகோவ் சிரிப்பார் என்று பார்த்தால், தனக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று சொல்லிவிட்டார். ரக்மானினோவுக்கு ஒரே ஆச்சரியம். இதெல்லாம் சும்மா என்று வாதம் செய்தார்.

அப்போது மற்ற இருவரும் அவரையே மடக்கினார்கள். ரக்மானினோவ் எழுதிய ஓர் ஆபராவில், கஞ்சன் ஒருவன் தன் பெட்டிகளைத் திறந்து தங்கத்தைப் பார்க்கும் காட்சி வருகிறது. அந்தக் காட்சிக்கு அவர் எடுத்துக்கொண்ட சுருதி டி மேஜர். டி மேஜர் மஞ்சள் நிறம், தங்க நிறம் என்பதில் அந்த இருவருக்கும் ஒரே கருத்து. நீங்க நம்பலைன்னாலும் உங்க மனசுக்குத் தெரிஞ்சிருக்கு என்ற ரீதியில் முடித்துவிட்டார்கள். இந்தக் கதையைப் பின்னாளில் சொன்னவரே ரக்மானினோவ்தான்.

ஆனால் இருவருக்கும் எல்லா நிறமும் ஒத்துப்போகவில்லை. சி மேஜர் ஸ்க்ரியாபினுக்குச் சிவப்பு, ரிம்ஸ்கிக்கு வெள்ளை.

ஒரு புலனைத் தொட்டால் இன்னொரு புலன் தானாக விழித்துக்கொள்ளும் நிலை சிலருக்கு உண்மையிலேயே உண்டு. ஆங்கிலத்தில் சினஸ்தீசியா என்பார்கள். சிலருக்கு எழுத்தைப் பார்த்தால் நிறம் தெரியும், சிலருக்கு ஒலியைக் கேட்டால் தெரியும். ஸ்க்ரியாபினுக்கு இது இருந்ததா? 1914இல் அவர் இங்கிலாந்து போனபோது சார்லஸ் மயர்ஸ் என்ற உளவியல் அறிஞர் நேரில் பேசி ஆய்வுக் கட்டுரையே எழுதினார். ஆனாலும் இன்றைய ஆய்வாளர்கள் பலருக்குச் சந்தேகம் இருக்கிறது. ஏன் என்று பார்க்க ஒரு ஆர்மோனியம் போதும்.

ஆர்மோனியத்தில் 1 கட்டையைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால் அதன் பஞ்சமம் 5 கட்டை. 5 கட்டையைச் சட்ஜமாக வைத்தால் பஞ்சமம் 2 கட்டை. அடுத்து 6 கட்டை, 3 கட்டை, 7 கட்டை, நாலரைக் கட்டை என்று ச-ப, ச-ப என்றே தாவிக்கொண்டு போனால் 12 சுரங்களையும் சுற்றி மறுபடி 1 கட்டைக்கே வந்துவிடலாம். இப்போது ஸ்க்ரியாபினின் நிறங்களை இதே வரிசையில் வைத்துப் பாருங்கள். 1 கட்டை சிவப்பு. 5 கட்டை ஆரஞ்சு. 2 கட்டை மஞ்சள். 6 கட்டை பச்சை. 3 கட்டையும் 7 கட்டையும் வெளிர் நீலம். நாலரைக் கட்டை அடர் நீலம். ஒன்றரைக் கட்டை ஊதா.

வானவில் வரிசை அப்படியே வருது! உண்மையான சினஸ்தீசியா உள்ளவர்களுக்கு நிறங்கள் இவ்வளவு ஒழுங்காக வரிசை கட்டி நிற்பதில்லை. எனவே ஒரு சில நிறங்கள் அவருக்குத் தானாகத் தெரிந்திருக்கலாம், மீதியை அவரே கணக்குப் போட்டு நிரப்பியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். வானவில் தீர்ந்துபோன இடத்தில் இரண்டு சுரங்கள் மிச்சம் இருக்க, அவற்றுக்கு உலோகப் பளபளப்பு என்று நிறம் கொடுத்திருக்கிறார். கடைசி சுரத்துக்கு அடர் சிவப்பு கொடுத்து வட்டத்தை மூடிவிட்டார். என்னைக் கேட்டால், இதை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். ஓர் அரங்கத்தை விளக்கால் நிரப்ப வேண்டும் என்றால் ஒருவருடைய தனிப்பட்ட உணர்வு போதாது, விளக்கை இயக்குபவர் பின்பற்றுவதற்கு ஓர் அட்டவணை வேண்டும். அவர் செய்தது அந்த வேலை.

விளக்குக்கு எழுதிய இசைக் குறிப்பு

இந்தக் காலத்தில் அவருக்குப் பக்கபலமாக இருந்தவர் செர்கேய் குசெவிட்ஸ்கி. டபுள் பாஸ் வாசிப்பவர், தேயிலை வியாபாரக் கோடீஸ்வரர் வீட்டு மாப்பிள்ளை. தன் மனைவி குடும்பத்துப் பணத்தில் இசை நூல் பதிப்பகமும் ஆர்கெஸ்ட்ராவும் நடத்தினார். 'ப்ரொமீதியஸ்' உருவானது இந்த ஆதரவில்தான். கிரேக்கக் கதையில் கடவுள்களிடமிருந்து நெருப்பைத் திருடி மனிதனுக்குக் கொடுத்தவன் ப்ரொமீதியஸ். நெருப்பு பற்றிய இசைக்கு வெளிச்சம் வேண்டாமா?

அச்சான இசைக் குறிப்பைத் திறந்தால் எல்லா வாத்தியங்களுக்கும் மேலே, முதல் வரியில் 'லூச்சே' என்று இருக்கும். இத்தாலிய மொழியில் ஒளி என்று அர்த்தம். கீழே வழக்கமான ஐந்து கோடுகள், சுரப் புள்ளிகள். அதாவது, ஒருவர் கட்டைகளை அழுத்துவார், சத்தம் வராது, அரங்கில் நிறம் வரும்.

இதில் இரண்டு குரல்கள் ஓடுகின்றன. ஒன்று வேகமானது. ஆர்கெஸ்ட்ரா அந்த நொடியில் எந்தச் சுரத்தை ஆதாரமாக வைத்து வாசிக்கிறதோ அதற்கான நிறத்தைக் காட்டும். இன்னொன்று ரொம்ப மெதுவானது. சுமார் 20 நிமிட இசையில் சில முறைதான் மாறும். நாலரைக் கட்டையின் நீலத்தில் ஆரம்பித்து, படிப்படியாக ஏறி, 1 கட்டையின் சிவப்பைத் தொட்டு, மஞ்சள் வழியாக மறுபடி நீலத்துக்கே வந்து நிற்கும். ஆன்மா பொருளாக இறங்கி மீண்டும் ஆன்மாவாகத் திரும்புகிறது என்ற பிரம்மஞானக் கதையை வெறும் நிறத்தால் சொல்லும் ஏற்பாடு இது. நம்மூரில் தம்புரா பின்னணியில் நிற்க, பாட்டு முன்னால் ஓடுகிற மாதிரி, இங்கே ஒரு நிறம் பின்னணியில் நிற்க இன்னொன்று முன்னால் ஓடுகிறது.

விசித்திரம் என்னவென்றால், எந்தச் சுரத்துக்கு என்ன நிறம் என்று அச்சான குறிப்பில் எங்குமே இல்லை. நண்பர் சபனேயெவிடம் சொல்லி, அவர் எழுதி வெளியிட்டதால்தான் நமக்கு அட்டவணை தெரிகிறது. பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் ஒரு பிரதியில் ஸ்க்ரியாபினே மின்னல், தீப்பொறி, சுடர் என்று கைப்பட எழுதிவைத்த குறிப்புகளும் கிடைத்திருக்கின்றன. வெறும் நிறம் மாறினால் போதாது, ஒளி அசைய வேண்டும், வெடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறார்.

எதிர்பார்த்தது நடந்ததா?

1911 மார்ச்சில் மாஸ்கோவில் அரங்கேற்றம். குசெவிட்ஸ்கி நடத்த, ஸ்க்ரியாபினே பியானோவில் உட்கார்ந்தார். விளக்கு? இல்லை. கருவி தயாராகவில்லை. இசை மட்டும்தான் நடந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஒரு பெரிய மண்டபத்தை ஒரு நிறத்தால் நிரப்பி, அடுத்த நொடியே வேறு நிறத்துக்கு மாற்ற அன்றைக்கு இருந்த பல்புகளால் எப்படி முடியும்? இன்றைக்கு எல்இடி விளக்கும் ஒரு லேப்டாப்பும் இருந்தால் கல்யாண மண்டபத்திலேயே செய்துவிடுகிறார்கள்.

வீட்டு உபயோகத்துக்கு மட்டும் ஒன்று கிடைத்தது. அலெக்ஸாண்டர் மோசர் என்ற மின் பொறியியல் ஆசிரியர் ஒரு வட்டமான மரப்பலகையில் வண்ண பல்புகளைப் பொருத்தி, சுவிட்ச் வைத்துக் கொடுத்தார். பார்த்தால் நம்ம ஊர்த் திருவிழா சீரியல் செட் பலகை போலத்தான் இருக்கும். மனதில் இருந்தது அரங்கம் முழுக்க நெருப்பு. கையில் கிடைத்தது இந்தப் பலகை. மாஸ்கோவில் அவர் கடைசியாகக் குடியிருந்த வீடு இன்று அருங்காட்சியகம், அந்தப் பலகை இன்னும் அங்கே இருக்கிறது.

விளக்கோடு 'ப்ரொமீதியஸ்' முதன்முறை நடந்தது 1915 மார்ச் 20, நியூயார்க் கார்னகி ஹாலில். நடத்தியவர், அவரோடு மாஸ்கோவில் படித்த மொடெஸ்ட் ஆல்ட்ஷுலர். பிரெஸ்டன் மில்லர் என்ற மின் பொறியாளர் குரோமோலா என்ற கருவியைச் செய்து கொடுத்தார். ஆனால் அரங்கத்தை மூழ்கடிக்க வேண்டிய ஒளி, மேடையில் ஒரு திரையில் மட்டும் மின்னியது. விமர்சகர்களைப் பெரிதாகக் கவரவில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, ஸ்க்ரியாபின் ரஷ்யாவில் இருந்தார். தான் எழுதிய வெளிச்சத்தை ஓர் அரங்கில் அவர் ஒருமுறை கூடப் பார்க்கவில்லை.

இமயமலைத் திட்டம்

இதெல்லாமே அவருக்கு ஒத்திகை மாதிரிதான். மெயின் பிக்சர் வேறு. பெயர் 'மிஸ்டீரியம்'. 1903 வாக்கிலேயே மனதில் விழுந்த விதை, இந்தியா என்ற நிலத்தோடு சேர்ந்து வளர்ந்தது.

என்ன திட்டம்? இமயமலை அடிவாரத்தில் ஒரு கோயில். அரைக்கோள வடிவம், முன்னால் தண்ணீர். தண்ணீரில் விழும் நிழலும் சேர்ந்தால் முழு உருண்டை. இதற்கு அவர் நோட்டில் படமே வரைந்து பார்த்திருக்கிறார். ஆர்கெஸ்ட்ரா, பெரும் பாடகர் குழு, நடனம், ஊர்வலம், நிறம் மாறும் ஒளி, தூண் தூணாக எழும் சாம்பிராணிப் புகை, தொடுதல், சுவை. மேகத்திலிருந்து தொங்கும் மணிகள் வேறு! 7 நாள் நடக்கும். பார்வையாளர் என்று யாரும் கிடையாது, வருகிற அத்தனை பேரும் பங்கெடுப்பவர்கள். ஏழாம் நாள் முடிவில் மனித குலம் கரைந்து அடுத்த நிலைக்குப் போய்விடும்.

பைத்தியக்காரத்தனம் என்று தோன்றலாம். கடைசிப் பகுதி அப்படித்தான், அதில் சந்தேகமில்லை. 1914இல் உலகப் போர் தொடங்கியபோது கூட, அது பழைய உலகம் முடிவதற்கான அறிகுறி என்று வரவேற்கும் மனநிலையில் இருந்தார். பதுங்கு குழியில் கிடந்தவர்கள் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் மேகத்து மணியையும் உலக முடிவையும் எடுத்துவிட்டுப் பார்த்தால், மிச்சம் இருப்பது என்ன? மேடைக்கும் இருக்கைக்கும் நடுவே கோடு இல்லாத ஒரு இடம். ஐந்து புலனையும் இசையே இயக்கும் ஏற்பாடு. உள்ளே நுழைபவரும் படைப்பில் ஒரு பகுதி. இன்றைக்கு மியூசியங்களில் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற பல நிறுவல் கலைப் படைப்புகளின் அடிப்படை இதுதான். நம்மூர்க்காரர்களுக்கு இன்னும் சுலபமாகப் புரியும். நாதஸ்வரமும் மணியும் ஒலிக்க, தீப ஒளி, சாம்பிராணி வாசனை, தீர்த்தம், பிரசாதம் என எல்லாம் ஒன்றாக வந்து சேரும் கோயில் பூஜையில் நாம் யாரும் பார்வையாளர் இல்லையே!

இந்திய இசையோடு அவருக்கு நேரடித் தொடர்பு கிடைத்ததும் இந்தக் காலத்தில்தான். பரோடாவைச் சேர்ந்த வீணைக் கலைஞரும் சூஃபி ஞானியுமான இனாயத் கான் 1913-14இல் மாஸ்கோவில் இருந்தார். இருவரும் சந்தித்துப் பேசினார்கள். ஸ்க்ரியாபினும் இந்தியப் பயணம் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். போர் அந்த வழியை அடைத்தது.

'மிஸ்டீரியம்' உடனே ஆகிற காரியம் இல்லை என்று அவருக்கே புரிந்திருக்க வேண்டும். அதற்கு முன்னோட்டமாக 'முன் நிகழ்வு' என்று சின்ன அளவில் ஒன்றை எழுதத் தொடங்கினார். அதற்கான கவிதை வடிவ உரையை முடித்தார். இசைக்குச் சுமார் 50 பக்கம் குறிப்புகள். அதில் 12 சுரங்களும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் கூட்டொலிகள் கூட இருக்கின்றன. அன்றைக்கு ஐரோப்பாவில் பலரும் யோசிக்கத் தயங்கிய இடம்.

ஒரு சின்னக் கட்டி

1914இல் லண்டனில் இருந்தபோதே மேல் உதட்டில் ஒரு கட்டி வந்து படுத்தியது. அப்போது சரியானது. 1915 ஏப்ரலில் மறுபடி வந்தது. இந்த முறை கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928இல்தான். கீறிப் பார்த்தார்கள், பலனில்லை. கடைசிக் கச்சேரி முடிந்து இரண்டு வாரம் கூட ஆகவில்லை. 1915 ஏப்ரல் 27 அன்று இறந்துபோனார். வயது 43.

அவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் தனேயெவ் இறுதிச் சடங்கில் சளிப் பிடித்து, அது நிமோனியாவாகி இரண்டே மாதத்தில் இறந்தார். நிறமாவது இசையாவது என்று வாதிட்ட ரக்மானினோவ், நண்பனின் இசையை மட்டுமே ஊர் ஊராக வாசித்து அந்தக் குடும்பத்துக்குப் பணம் திரட்டிக் கொடுத்தார். தத்யானாவின் குழந்தைகளுக்கு ஸ்க்ரியாபின் என்ற பெயர் சட்டப்படி கிடைத்ததும் அவர் இறந்த பிறகுதான்.

அந்தக் குழந்தைகளில் ஜூலியன் பத்து வயதிலேயே இசையமைத்தவன். 1919இல், 11 வயதில், நீப்பர் ஆற்றில் மூழ்கி இறந்தான். மகள் அரியாத்னா பிற்காலத்தில் பிரான்ஸில் குடியேறிக் கவிஞரானார். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்கு எதிரான யூதத் தலைமறைவு இயக்கத்தில் சேர்ந்து, 1944 ஜூலையில் துலூஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இனாயத் கான் மாஸ்கோவில் இருந்தபோது 1914 ஜனவரி 1 அன்று அவருக்கும் ஒரு மகள் பிறந்திருந்தாள். பிரிட்டன் உளவாளியாகப் பாரிஸில் வேலை பார்த்து, 1944 செப்டம்பரில் டாஹவ் முகாமில் கொல்லப்பட்ட நூர் இனாயத் கான்தான் அது. மாஸ்கோவில் இசை பற்றிப் பேசிக்கொண்டிருந்த இரண்டு அப்பாக்கள். முப்பது ஆண்டுகள் கழித்து இரண்டு மாத இடைவெளியில் இரண்டு மகள்கள்.

பிறகு என்ன ஆனது?

அந்த 50 பக்கக் குறிப்புகளை அலெக்ஸாண்டர் நெம்தின் என்ற ரஷ்ய இசையமைப்பாளர் 1970இல் கையில் எடுத்தார். சேர்த்து, நிரப்பி முடிக்க 26 ஆண்டுகள் ஆனது. சுமார் மூன்று மணி நேர இசை. அதில் எவ்வளவு ஸ்க்ரியாபின், எவ்வளவு நெம்தின் என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது.

2010இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், பாரிஸ் பிரதியின் குறிப்புகளை ஆராய்ந்த ஆனா கவ்பாய், ஒளி வடிவமைப்பாளர் ஜஸ்டின் டவுன்சென்டுடன் சேர்ந்து 'ப்ரொமீதியஸ்' விளக்கை முடிந்தவரை அவர் கேட்டபடியே அமைத்துக் காட்டினார். 2024 சான் ஃபிரான்சிஸ்கோவில் வாசனையும் சேர்ந்தது. கண்டிப்பாகப் பார்த்தால் 'ப்ரொமீதியஸ்' குறிப்பில் வாசனைக்கு வரி கிடையாது, அது 'மிஸ்டீரியம்' கனவிலிருந்து எடுத்த கடன். அதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. விளக்கைச் சுவிட்ச் தட்டி அணைக்கலாம். பரவிய வாசனையை எப்படி அணைப்பது? அடுத்த வாசனை வருவதற்குள் முந்தையது கலைந்தாக வேண்டும். நிறம் மாதிரி அதை நொடிக்கு நொடி மாற்ற முடியாது.

சோவியத் பொறியாளர் யெவ்கெனி முர்ஸின் இந்த விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்தார். கண்ணாடித் தட்டில் கோடு கீறினால், அதன் வழியே போகும் ஒளியை ஒலியாக மாற்றும் ஒரு பெரிய இயந்திரத்தை இருபது ஆண்டு உழைத்து 1950களின் கடைசியில் செய்து முடித்தார். அதற்கு ஏஎன்எஸ் என்று பெயர். அலெக்ஸாண்டர் நிகோலாயெவிச் ஸ்க்ரியாபினின் முதலெழுத்துகள். ஸ்க்ரியாபின் அருங்காட்சியகத்தில் சில காலம் வைத்திருந்த அந்த இயந்திரத்தில்தான் எதுவார்த் அர்தெம்யெவ், தார்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' படத்துக்கான ஒலிகளை உருவாக்கினார். 1972இல் வந்த படம். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க.